கைவிடப்பட்ட தோட்டத்து லயங்களில் நாய்களும் பூனைகளும் நின்றுவிட்டன, காப்பகங்களிலும் இடமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: லயத்து மகள் (சுங்கை சிப்புட், பேரா)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊருக்குச் சற்று வெளியே இருக்கும் பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்று முதலில் செம்பனைக்கு மாறியது. பின்னர் அதன் ஒரு பகுதி வீடமைப்புக்காக விற்கப்பட்டது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் சில மலிவு விலை அடுக்குமாடிக்கும், சில தாமான் (வீடமைப்புப் பகுதி) வீடுகளுக்கும், சில பிள்ளைகளின் வேலையை ஒட்டி கோலாலம்பூர், ஜொகூர் பக்கமும் குடிபெயர்ந்துவிட்டன. அவர்கள் வளர்த்த நாய்களில் பெரும்பாலானவை லயத்திலேயே, அதாவது தொழிலாளர்களின் பழைய வரிசை வீடுகளிலேயே, நின்றுவிட்டன. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடமாக இருந்த பழைய ஆயாக் கொட்டகையைச் சுற்றியும் முனீஸ்வரர் கோயில் வாசலிலும் அவை படுத்துக் கிடக்கின்றன. பூனைகள் பூட்டிய வீடுகளின் சமையலறைக்குள் குட்டி போடுகின்றன.

நானும் என் தோழி ஒருவரும் மாலை வேளைகளில் சோறும் மீனும் கலந்து எடுத்துச் சென்று வைக்கிறோம். அண்மையில் பெண் நாய்கள் இரண்டு குட்டி ஈன்றிருக்கின்றன. இதற்கிடையில், பக்கத்துத் தாமானில் உள்ளவர்கள் நாய்கள் மோட்டார் சைக்கிளைத் துரத்துவதாகவும் பள்ளிப் பிள்ளைகள் பயப்படுவதாகவும் உள்ளூராட்சி மன்றத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள். நாய் பிடிப்பவர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஈப்போவில் உள்ள காப்பகங்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, இப்போது இடமில்லை என்ற பதிலே கிடைத்தது. அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. அவர்கள் குரலில் தெரிந்த களைப்பு எனக்குப் புரிந்தது.

ஆனாலும் வழி தெரியாமல் நிற்கிறோம். சோறு வைப்பது இந்த நாய்களுக்கு உதவியா, அல்லது அவற்றின் எண்ணிக்கையைப் பெருக்குகிறோமா? காப்பகம் ஏற்காத நிலையில் இவற்றுக்கு வீடு தேடுவது எப்படி? விட்டுச் சென்ற குடும்பங்களிடம் மனம் நோகாமல் எப்படிப் பேசுவது? தெரிந்தவர் ஒருவர், லாரியில் ஏற்றித் தொலைவில் உள்ள வேறொரு தோட்டத்தில் இறக்கிவிடலாம், அங்கே தொழிலாளர்கள் சோறு போடுவார்கள் என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் பெரும் உதவியாக இருக்கும்.

பதில்: காப்பகத் தன்னார்வலர் (ஈப்போ)

வணக்கம் சகோதரி. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதுதான் அவசரம். தயவுசெய்து எந்த நாயையும் வேறு தோட்டத்தில் கொண்டுபோய் இறக்கிவிட அனுமதிக்காதீர்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் நாய்க் கூட்டம் புதிய நாயை எல்லைக்குள் விடாது; கடிபட்டும் பட்டினி கிடந்தும் அலையும் அந்த நாய், பழைய லயத்தைத் தேடி நெடுஞ்சாலையில் நடக்கத் தொடங்கி வண்டியில் அடிபடும். சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள 2015ஆம் ஆண்டு விலங்குகள் நலச் சட்டம், ஒரு பிராணியின் உரிமையாளர் அதற்கு ஏற்ற உணவையும் உறைவிடத்தையும் நோயிலிருந்தும் வலியிலிருந்தும் பாதுகாப்பையும் அளிக்க வேண்டும் என்று கடமையாக்கியிருக்கிறது. பிராணிவதைக்கு 20,000 வெள்ளி (ரிங்கிட்) முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. உங்கள் தெரிந்தவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆகவே இதை அவரிடம் அமைதியாகவே எடுத்துச் சொல்லுங்கள்.

காப்பகங்களில் இடமில்லை என்பது உண்மையே. 1958இல் தொடங்கப்பட்ட சிலாங்கூர் எஸ்.பி.சி.ஏ. (பிராணிவதைத் தடுப்புச் சங்கம்) போன்ற பெரிய அமைப்பாக இருந்தாலும், ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் ஓரிருவர் தம் சொந்தப் பணத்தில் நடத்தும் சிறு காப்பகமாக இருந்தாலும், கூண்டுகளுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை மீறி ஏற்றால் பார்வோ, டிஸ்டெம்பர் என்னும் கொடிய தொற்றுநோய்கள் ஒரு கூண்டிலிருந்து அடுத்த கூண்டுக்குப் பரவி, காப்பாற்றக் கொண்டுவந்த குட்டிகளையே கொண்டுபோய்விடும். தடுப்பூசி போடாத குட்டிக்குக் காப்பகத்தைவிட ஒரு வீட்டின் பின்கட்டு பாதுகாப்பானது. எனவே சுங்கை சிப்புட்டிலேயே சில வீடுகள் தற்காலிக வளர்ப்பு இல்லங்களாக மாற முடியுமா என்று தேடுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு தாயும் குட்டிகளும் போதும். காப்பகம் செய்யக்கூடியது வேறு உதவிகள்: பொறிக்கூண்டை இரவல் தருவது, குறைந்த கட்டணத்தில் கருத்தடை செய்யும் மருத்துவரைக் காட்டுவது, தத்தெடுப்பு நாளில் உங்கள் நாயையும் சேர்த்துக்கொள்வது. அடுத்த முறை அழைக்கும்போது இடம் இருக்கிறதா என்று கேட்பதற்குப் பதிலாக இவற்றைக் கேட்டுப் பாருங்கள். பதில் வேறாக இருக்கும்.

இனி கருத்தடை. இதில்தான் உங்கள் பணமும் நேரமும் முதலில் செல்ல வேண்டும், அதிலும் பெண் பிராணிகளுக்கே முதலிடம். பெண் நாய் பொதுவாக ஆறு மாதத்தை ஒட்டிப் பருவமடைகிறது. சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். ஆண்டுக்கு இரு முறை குட்டி போட அதன் உடல் இடங்கொடுக்கிறது. பூனை நான்கைந்து மாதத்திலேயே சினையாகிவிடும், தன் குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினையாகும். ஐந்து ஆண் நாய்களுக்குச் செய்துவிட்டு ஒரு பெண்ணை விட்டுவைத்தால், பிறப்பு விகிதத்தில் மாற்றமே தெரியாது. இப்போது ஈன்றிருக்கும் இரண்டு தாய்களையும் குட்டிகள் பால் மறந்தவுடன், அதாவது எட்டு வாரத்தை ஒட்டி, தாமதமின்றி அறுவைக்குக் கொண்டுசெல்லுங்கள். மயக்க நிலையிலேயே காதில் அடையாள வெட்டு இடச் சொல்லுங்கள். அப்போது அதே நாயை இன்னொருவர் மீண்டும் பிடித்துக் கொண்டுபோக மாட்டார். பெண் நாயைத் தையல் ஆறும் வரை மழை படாத மூடிய இடத்தில் வைத்திருக்க வேண்டும், அதற்கு யாராவது ஒருவரின் கார் நிறுத்துமிடம் போதும்.

சோறு வைப்பது தவறா என்று கேட்டிருந்தீர்கள். கருத்தடையும் சேர்ந்து நடக்குமானால் தவறே இல்லை. கருத்தடை இல்லாமல் சோறு மட்டும் வைத்தால் நீங்கள் அஞ்சுவது நடக்கும். தினமும் ஒரே நேரத்தில், தாமானுக்கும் சாலைக்கும் எதிர்ப்புறமாக, கோயிலுக்குப் பின்னால் எங்காவது வையுங்கள். தின்று முடித்தபின் தட்டுகளை எடுத்துவிடுங்கள். இப்படிப் பழகிய நாய் தாமான் குப்பைத்தொட்டிக்குப் போவது குறையும், பிடிப்பதும் எளிது. கூட்டத்தை மொத்தமாகப் பிடித்துக்கொண்டு போனாலும், குப்பை திறந்து கிடக்கும் வரை, கருத்தடை செய்யப்படாத வேறு நாய்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மன்றத்தில் பேசும்போது இந்தக் கருத்தை எழுத்தில் கொடுங்கள். எந்த நாய்க்குக் கருத்தடை ஆகியிருக்கிறது, எதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது, எதற்குப் பொறுப்பாளர் யார் என்று படத்துடன் ஒரு பட்டியல் இருந்தால், நீங்கள் வெறும் அனுதாபத்தோடு வந்தவர் அல்லர் என்பது அதிகாரிக்கு விளங்கும்.

விட்டுச் சென்ற குடும்பங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று முகநூலில் எழுதுகிறவர்கள் உண்டு. அது எனக்கு உடன்பாடில்லை. வீட்டையும் வேலையையும் ஒருசேர இழந்து, ஐந்தாம் மாடியில் இரண்டு அறைக்குள் ஒடுங்கியவர்களிடம் நாயை ஏன் விட்டாய் என்று கேட்பது நியாயமாகாது. அவர்களிடம் நாயின் பெயரைக் கேளுங்கள். அந்த லயத்தில் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பெயர் இருந்திருக்கும்; பெயர் சொல்லி அழைத்தால் அருகில் வரும் நாய்க்குப் பொறிக்கூண்டே தேவைப்படாது. அதன் வயது, பிள்ளைகளோடு பழகுமா, கோழியைத் துரத்துமா என்ற விவரமெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும், தத்தெடுக்க வருகிறவர் கேட்பதும் அதைத்தான். தாமான் தரைவீட்டுக்குப் போனவர்களில் சிலர், அறுவைச் செலவையும் வேலி அடைக்கும் செலவையும் பகிர்ந்துகொள்ள ஆள் இருந்தால், தம் நாயைத் திரும்ப அழைத்துக்கொள்ளக்கூடும். நாய் உரிமத்துக்கு ஒரு வீட்டில் எத்தனை நாய் வரை அனுமதி என்பது மன்றத்துக்கு மன்றம் வேறுபடும். முகப்பில் கேட்டுவிட்டு அவர்களிடம் போங்கள்.

பதில்: ஓய்வு பெற்ற டிரசர் (பீடோர்)

தோட்ட மருத்துவமனையில் டிரசராக (மருத்துவ உதவியாளராக) பல காலம் பணியாற்றியவன் என்ற முறையில், உடல்நலம் குறித்துச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன் அம்மா.

சொறி பிடித்த நாய்க்கு லாரியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயைக் கந்தகப் பொடியோடு குழைத்துப் பூசும் வழக்கம் நம் தோட்டங்களில் வேரூன்றியிருக்கிறது. உங்கள் லயத்திலும் யாராவது அன்பினாலேயே இதைச் செய்ய முன்வருவார்கள். தடுத்துவிடுங்கள். நாய் அதை நக்கி விழுங்கும். புண்பட்ட தோல் வெந்துபோகும். ஈரலும் சிறுநீரகமும் கெடும். சொறிக்குக் காரணமான நுண்பூச்சியையும் உண்ணியையும் ஒரே நேரத்தில் கொல்லும் மாத்திரைகள் இப்போது கால்நடை மருத்துவரிடம் கிடைக்கின்றன. நாயின் எடைக்கு ஏற்ப அவரே அளவு சொல்வார். ஒருவகைச் சொறி மனிதருக்கும் அரிப்பைத் தரும் என்பதால் தொட்டபின் கைகளைச் சோப்பால் கழுவுங்கள். உண்ணியை அலட்சியப்படுத்த வேண்டாம், நம் நாட்டு நாய்களை வாட்டும் உண்ணிக் காய்ச்சல் அதன் வழியாகத்தான் வருகிறது. ஈறு வெளுத்து, சோறு தின்னாமல் படுத்திருக்கும் நாயை அன்றே காட்டுங்கள்.

செம்பனைத் தோட்டத்தில் எலிக்கு வைக்கும் விஷம் இன்னொரு பெரிய ஆபத்து. அது இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் மருந்து. நாயோ பூனையோ அதைத் தின்றாலும், அதைத் தின்ற எலியைத் தின்றாலும் பாதிப்பு உண்டு. விஷம் உள்ளே போன அன்று ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுப்பதும் மூக்கில் இரத்தம் வருவதும் மூச்சு வாங்குவதும் தொடங்கும். நேரத்தோடு கொண்டுபோனால் வைட்டமின் கே1 கொடுத்துப் பிழைக்க வைக்கலாம். விஷப் பொட்டலம் கிடைத்தால் அதையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசித்தமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு மாத்திரை அதன் உயிரைப் பறித்துவிடும். தாயில்லாத குட்டிகளுக்கு டின் பாலைக் கரைத்துக் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். அது வயிற்றுப்போக்கை உண்டாக்கும். குட்டி குளிர்ந்து கிடந்தால் முதலில் துணியில் சுற்றிச் சூடேற்றிவிட்டுப் பின்னரே பூனைக்குட்டிக்கென்று விற்கும் பாலைக் கொடுக்க வேண்டும், ஏனெனில் உடல் குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது.

வளர்ப்பு இல்லம் தர ஒருவர் முன்வந்தால், அவர் வீட்டில் அண்மையில் இரத்த வயிற்றுப்போக்கு கண்டு இறந்த குட்டி உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சிமெண்டுத் தரையை ஒரு பங்கு குளோராக்ஸுக்கு (வெளுப்புத் திரவம்) முப்பது பங்கு தண்ணீர் என்ற அளவில் கலந்து கழுவலாம், மண் தரைக்கு அந்த வழி இல்லை. குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி; பின்னர் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறையாகப் பதினாறு வாரம் வரை தொடர வேண்டும். பெண் நாய்களில் எதற்காவது பின்புறத்தில் இரத்தம் கசியும் கட்டி தென்பட்டால், அதைப் புற்றுநோய் என்று கைவிட்டுவிட வேண்டாம். தெருநாய்களிடையே இனச்சேர்க்கையால் பரவும் அந்தக் கட்டி, வாரம் ஒரு ஊசி என்ற சிகிச்சையில் பெரும்பாலும் கரைந்துவிடும்.

யாரையாவது நாய் கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசாங்க மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017 முதல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் கண்ட நாடு இது.

பதில்: தாமான்வாசி (சுங்கை சிப்புட்)

சகோதரி, புகார் கொடுத்தவர்கள் வாழும் இடத்தைப் போன்ற ஒரு தாமானில்தான் நானும் குடியிருக்கிறேன். எங்கள் பக்கத்து நியாயத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களை நாய்கள் கூட்டமாகத் துரத்தும்போது, ஒருவர் தடுமாறி விழுந்தால் அந்தக் குடும்பத்தின் வருமானமே நின்றுபோகும். பிள்ளைகள் நடந்து பள்ளிக்குச் செல்லும் வழியும் அதுதான். நாய் பிடிக்கச் சொல்லிப் புகார் கொடுத்தவர்கள் எல்லாரும் நாய்களை வெறுப்பவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

எங்கள் தெருவில் மலாய்க் குடும்பங்களும் இருக்கின்றன. நாயின் எச்சிலும் ஈரமும் பட்டால் அவர்கள் தங்கள் சமய முறைப்படி கழுவித் தூய்மை செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. வாசலில் நாய் வந்து படுப்பது அவர்களுக்கு உண்மையான சிரமம், அதை மதிக்க வேண்டும். அதே குடும்பங்கள்தான் லயத்துப் பூனைகளை எடுத்து வளர்க்கவும் முன்வருவார்கள். என் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) ஏற்கெனவே இரண்டு பூனைகளை அங்கிருந்து எடுத்து வைத்திருக்கிறார். அவரைப் போன்றவர்களிடம் கேட்டீர்களா?

என் வேண்டுகோள் இதுதான். யாருக்கும் பொறுப்பில்லாத நாய் என்ற நிலை மாறினால் எங்கள் எதிர்ப்பும் மாறும். குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்துக்கு நீங்களே வந்து, எத்தனை நாய்கள், என்ன செய்யப்போகிறீர்கள், எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்லுங்கள். குப்பையை மூடி வைக்கும் பொறுப்பை எங்கள் பக்கம் எடுத்துக்கொள்ளச் சொல்லி நான் பேசுகிறேன்.

பதில்: தத்தெடுத்த குடும்பம் (கோலகங்சார்)

வணக்கம் அக்கா. நாங்கள் காப்பகத்திலிருந்து வயதான கறுப்புப் பெண் நாயைத் தத்தெடுத்தோம். கறுப்பு, பெண், வயதானது என்ற மூன்று காரணங்களாலும் அவளை யாரும் கேட்கவில்லை. குட்டிதான் பழகும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். வளர்ந்த நாயின் குணம் ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்பதும், அது செருப்பைக் கடிக்கும் வயதைத் தாண்டிவிட்டது என்பதும் எவ்வளவு பெரிய வசதி என்பதை, வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். உங்கள் லயத்து நாய்கள் மனிதரோடு வாழ்ந்தவை. அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

படத்தைப் பகல் வெளிச்சத்தில், நாயின் கண் மட்டத்துக்குக் குனிந்து எடுங்கள். புண்ணையும் எலும்பையும் காட்டும் படத்துக்கு இரக்கக் குறிகள் குவியும், அழைப்பு வராது. ‘இன்றே எடுக்காவிட்டால் கொன்றுவிடுவார்கள்’ என்று எழுதினால் பதற்றத்தில் ஒருவர் வந்து எடுத்துவிட்டு, பதற்றம் தணிந்தபின் திருப்பிக் கொண்டுவருவார். அதன் பெயர், வயது, கருத்தடை ஆகிவிட்டதா, எதற்குப் பயப்படும், எது பிடிக்கும் என்று உண்மையை மட்டும் எழுதுங்கள். தமிழில் மட்டும் எழுதாமல் மலாயிலும் சீனத்திலும் எழுதச் சொல்லி யாரிடமாவது உதவி கேளுங்கள். நம் வட்டாரத்தில் நாயை எடுப்பவர்களில் சீனக் குடும்பங்கள் பலர். புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் மட்டும் சுற்றவிடாமல், கால்நடை மருத்துவர் கிளினிக்கிலும் தீவனக் கடையிலும் அச்சிட்டு ஒட்டுங்கள்.

யாருக்குக் கொடுப்பது என்பதில் கண்டிப்பாக இருங்கள். பட்டறைக்கும் டுரியான் தோப்புக்கும் காவல் நாய் வேண்டும் என்று பலர் கேட்பார்கள். விடுமுறை நாளில் அங்கே சோறு போடுவது யார், இரவும் பகலும் சங்கிலியில் கட்டி வைப்பார்களா, மழையில் ஒதுங்க இடம் உண்டா என்று கேட்டுவிட்டு, இடத்தை நேரில் பார்த்தபிறகே முடிவு செய்யுங்கள். நேரில் பார்க்க வேண்டாம் என்று மறுப்பவருக்குக் கொடுக்காதீர்கள். கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் பொறித்த தகடு இருக்கட்டும். புது வீட்டுக்குப் போன நாய் முதல் வாரங்களில் பழைய இடத்துக்கு ஓடப் பார்க்கும். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கவனம் வேண்டும். தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் முந்தைய நாட்களில் எந்த நாயையும் கைமாற்ற வேண்டாம், வெடிச் சத்தத்தில் மிரண்டு வேலி தாண்டினால் புது ஊரில் வழி தெரியாமல் தொலைந்துபோகும்.

கேள்வி கேட்டவர்: லயத்து மகள்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தாமான்வாசி ஐயா, கூட்ட நாளைத் தெரிவித்தால் கட்டாயம் வருகிறேன். டிரசர் ஐயா சொன்னதை அச்சிட்டுக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட, கோயில் தலைவரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். ஒன்று மட்டும் மனத்தை உறுத்துகிறது. முகம் நரைத்த கிழ நாய் ஒன்று, தான் வளர்ந்த வீட்டின் படியைவிட்டு நகர்வதே இல்லை. அதன் குடும்பம் அடுக்குமாடியில் இருக்கிறது; திரும்ப எடுக்க வழியில்லை என்று அந்த அம்மா என்னிடம் அழுதார். இந்த வயதில் அதை வேறிடத்துக்கு மாற்றுவது கொடுமையாகுமா?

பதில்: காப்பகத் தன்னார்வலர் (ஈப்போ)

மாற்றலாம் சகோதரி. லயம் இடிக்கப்படும்போது அங்கே அது தனியாக இருப்பதுதான் கொடுமை. முதலில் மருத்துவரிடம் காட்டி, இதயப்புழுவுக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கொசு வழியாகப் பரவும் இதயப்புழு நம் ஊர்க் கிழ நாய்களிடம் அதிகம். முடிவைப் பொறுத்து, குட்டிகளும் சிறு பிள்ளைகளும் இல்லாத அமைதியான தரைவீடு ஒன்றைத் தேடலாம். ஓய்வு பெற்ற தம்பதியர் பொருத்தமாக இருப்பார்கள். தத்தெடுக்கத் தயங்கினால், உணவையும் மருந்தையும் நாம் தருகிறோம், இருக்கும் வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள்; அதற்குச் சம்மதிப்பவர்கள் உண்டு.

மாற்றும் நாளில் அந்த அம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் பழைய சேலைத் துணி ஒன்றைப் புது வீட்டில் அதன் படுக்கையில் விரித்து, அரைநாள் அருகில் உட்கார்ந்துவிட்டு வரட்டும். மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கலாம் என்று புது வீட்டாரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். பொறிக்கூண்டு ஒன்று எங்களிடம் இப்போது சும்மா இருக்கிறது. தனிச் செய்தியில் தொடர்புகொண்டால், தாய் நாய்களின் அறுவைக்கு நாள் குறித்தபின் சுங்கை சிப்புட்டுக்கு நானே கொண்டுவந்து தருகிறேன்.